கேத்தரின் ஆன்ட்டியின் கேமரா

"அந்தம்மா இன்னைக்கும் டப்பா கேமராவைத் தூக்கிட்டு வந்தாச்சு பாருங்க!" தீபிகா பல்லைக் கடித்தாள்.

"விடு தீபி. பிறந்தநாள்னா நாலு பேர் வரத்தான் செய்வாங்க," என்றான் கணவன் ஹரிஷ், பலூனுக்கு முடிச்சுப் போட்டபடி.

சேலத்திலிருந்து வேலைக்கு வந்து, பெங்களூர் ஆடுகோடி அபார்ட்மென்டில் குடியேறி இரண்டு வருஷம். மகள் ஸ்னேஹாவுக்கு இன்று முதல் பிறந்தநாள். ஃபோட்டோகிராபரெல்லாம் ஏற்பாடு செய்து ஏக தடபுடல்.

அது போதாதென்று சி பிளாக் கேத்தரின் ஆன்ட்டி.

ஐம்பது வயதிருக்கும். தனி ஆள். கையில் சோப்பு டப்பா அளவில் கீறல் விழுந்த பழைய டிஜிட்டல் கேமரா. எந்த வீட்டுக் குழந்தைக்கு விசேஷம் என்றாலும், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் ஆஜர். குழந்தையை வெளிச்சம் குறைந்த மூலைக்குக் கொண்டுபோய், முகத்துக்கு நேரே பளிச்சென்று ஒரு ஃபிளாஷ். படத்தில் இரண்டு கண்ணும் பேய்ப் படம் மாதிரி ரத்தச் சிவப்பாக விழும். அதைப் பார்த்து ஆன்ட்டிக்கு வாயெல்லாம் பல். "சூப்பர்!" என்பார். உடனே அழித்தும் விடுவார்.

இது என்ன கிறுக்கு என்று கேட்காத தாயில்லை. தீபிகா ஒருபடி மேலே போய், 'தயவுசெய்து யாரும் அவரைக் கூப்பிடாதீர்கள்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியே போட்டாள். குரூப்பில் ஆன்ட்டியும் இருந்தார்.

கேக் வெட்டி முடித்துத் திரும்பினால் ஸ்னேஹாவைக் காணோம். ஹாலின் கோடியில், விளக்கை அணைத்த இடத்தில், ஹரிஷ் மடியில் இருந்தாள். எதிரே ஆன்ட்டி.

"இல்லி நோடு பங்காரா, இல்லி நோடு!" இங்கே பார் தங்கமே என்று கன்னடத்தில் கொஞ்சி, பட்டனை அமுக்கினார். பளிச்.

படத்தைப் பார்த்தார். சூப்பர் என்று சொல்லவில்லை. அழிக்கவும் இல்லை. மறுபடி ஒரு பளிச். இன்னொன்று.

தீபிகாவுக்கு வந்ததே கோபம்! ஓடிப்போய்க் கேமராவைப் பிடுங்கினாள்.

"ஃபிளாஷ் அடிச்சு அடிச்சுக் குழந்தை கண்ணைக் கெடுக்கப் பாக்கறீங்களா?"

சின்னத் திரையில் ஸ்னேஹா. மூன்று படத்திலும் வலது கண் சிவப்பு. இடது கண் மட்டும் முத்துப் போல வெள்ளையாக மின்னியது.

"அதிசயமா ஒரு கண்ணாவது ஒழுங்கா விழுந்திருக்கே!"

ஆன்ட்டி தீபிகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா. செவப்பா விழுந்தாத்தான் நல்ல கண்ணு. நாளைக்குக் காலையிலயே கண் டாக்டர்ட்ட காட்டிரு. என்னை அடிச்சாலும் வாங்கிக்கறேன். நாளைக்கே காட்டிரு."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, காட்டினார்கள்.

"கண்ணுக்குள்ள சின்னதா புற்றுநோய்க் கட்டி," என்றார் டாக்டர். "நல்லவேளை, இவ்வளவு ஆரம்பத்துல யாரும் வர்றதில்ல. கண்ணையும் காப்பாத்திடலாம், உயிருக்கும் பயமில்ல. யாரு கண்டுபிடிச்சது?"



அன்று மாலையே தீபிகா சி பிளாக்குக்கு ஓடினாள். ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

"எத்தனை வருஷமா ஆன்ட்டி இதைச் செய்றீங்க?"

"பதினஞ்சு வருஷம். ரிச்சர்ட்ஸ் டவுன்ல இருந்தப்போ சர்ச்சுக்கு வர்ற குழந்தைங்களையும் விட்டதில்ல. நாலாயிரம் பேராவது இருக்கும். புது ஃபோனெல்லாம் அந்தச் செவப்பை அதுவே சரி பண்ணிடுது. இது பழசு, உள்ளதைச் சொல்லும்."

நாலாயிரம் குழந்தைகள்! அத்தனை அம்மாக்களின் முறைப்பு, ஏச்சு, கதவடைப்பு! தீபிகாவுக்கு மெய்சிலிர்த்தது. நைட்டியும் கலைந்த கொண்டையுமாக நின்ற அந்த மனுஷியை அண்ணாந்து பார்க்க வேண்டும்போல இருந்தது.

"காரணத்தைச் சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி?"

"பிறந்தநாள் வீட்டுல போய் அந்த வியாதி பேரைச் சொன்னா எந்த அம்மா தாங்குவா? என்னைத் திட்டிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"இதுவரைக்கும் எத்தனை குழந்தைக்கு இப்படி வெள்ளையா விழுந்திருக்கு?"

"இந்தக் கேமராவுல ரெண்டே பேருக்குத்தான். ஸ்னேஹா ரெண்டாவது."

"முதல் குழந்தை இப்ப எப்படி இருக்கு?"

ஆன்ட்டி கேமராவின் கீறலை விரலால் தடவினார்.

"அது என் பொண்ணு. இப்ப இல்ல. ஃபோட்டோவுல கண்ணு வைரமா மின்னுதுன்னு பூரிச்சுப்போய், டாக்டருக்குக் காட்டாம ஊருக்கெல்லாம் காட்டினேன்ம்மா."