காட்டெருமைக்கு எந்தத் தோட்டா?

2023 ஜூன் 8, அமீரகத்தின் அல் ஐன். தான்சானியாவுக்குக் காட்டெருமை வேட்டைக்குக் கிளம்பவிருந்த முதலாளி காலித், மூன்று வகைத் தோட்டாக்களை ரெங்கராஜ் முன் வைத்தார்.

"எதை எடுக்கட்டும், ரெங்கராஜ்? போன தடவை குண்டு பட்ட எருமை என் மேலேயே பாய்ந்துவிட்டது."

ரெங்கராஜ் பெரியதைத் தொட்டார். "சிதறாத குண்டு. தோள் எலும்பைத் துளைக்கும். மற்றது வேண்டாம், அர்பாப்" என்றார் முதலாளியிடம்.

காலித் அதையே எடுத்துக்கொண்டு போனார்.

புது டிரைவர் மணிமாறன் வாயைப் பிளந்தான். "அண்ணே, நீங்க எத்தனை எருமை சுட்டிருக்கீங்க?"

"துப்பாக்கியையே தொட்டதில்ல தம்பி. வேட்டைத் தோலைப் பாடம் பண்றவன் நான். இருபது வருஷமா குண்டு ஓட்டையத் தைக்கிறேன். எந்தத் தோட்டான்னு தோலோட எழுதி வரும். மத்த தோட்டான்னா ஏழெட்டு தடவை சுட்ட ஓட்டை இருக்கும், இதுக்கு ஒண்ணுதான்."

ஜூலையில் காலித் காயமின்றித் திரும்பினார். பின்னால் வந்த தோலில் ரெங்கராஜ் தைக்க ஒரே ஓட்டைதான் இருந்தது.