கழுத்தில் தொங்கிய பலகை

"இம்ஹேப்பி, சார்."

வகுப்பே சிரித்தது. ஆசிரியர் ஒபுரா சிரிக்கவில்லை.

"தவறு, அவினோ. ஹேப்பிக்கு எதிர்ச்சொல் அன்ஹேப்பி. சரி, பாசிபிளுக்கு என்ன?" கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பான ஆங்கிலம் அவருடையது.

"டிஸ்பாசிபிள், சார்."

அவினோவின் கழுத்தில் ஒரு மரப்பலகை தொங்கியது. பள்ளிக்குள் ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழியான லுவோவில் பேசி மாட்டிக்கொண்டவர் அதைச் சுமக்க வேண்டும். அடுத்து யாராவது வாய் தவறினால் அவரிடம் தள்ளிவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவர் கழிப்பறை கழுவ வேண்டும். 'யாராக இருந்தாலும் விதி விதிதான்' என்று சொல்லி அதைக் கொண்டுவந்ததே ஒபுராதான்.

இன்று மணி அடித்ததும் நெட்பால் இறுதிப்போட்டி. கோல் போடுகிறவள் அவினோ. கழிப்பறைக்குப் போனால் ஆட்டம் போச்சு.

பக்கத்தில் இருந்த அவூரின் தொடையை நறுக்கென்று கிள்ளிப் பார்த்தாள்.

"போடி! செத்தாலும் நான் இங்கிலீஷ்லதான் கத்துவேன்" என்று அவூர் ஆங்கிலத்திலேயே சீறினாள்.

"ரெகுலருக்கு?" என்றார் ஒபுரா.

"அன்ரெகுலர்."

"பாவம், பலகை பயத்துல இவளுக்கு மூளை ஓடல" என்றது பின்பெஞ்சு, அதுவும் ஆங்கிலத்தில்தான்.

"ஹானஸ்ட்?"

"இன்ஹானஸ்ட்... இல்ல சார், இர்ஹானஸ்ட்!"

ஒபுராவின் கையில் சாக்பீஸ் உடைந்தது.

"ஏன்டி, மண்டையில என்ன ஏரிச் சேறா வச்சிருக்க? ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒவ்வொண்ணுதான்டி ஒட்டும்! ஊகாலிக் களிக்கு மீனு, டீக்கு மாண்டாசிப் பணியாரம்! டீயில மீனைத் தொட்டுத் திம்பியா நீ? இப்பவாச்சும் புரிஞ்சுதா?"

அவர் திட்டியது அவ்வளவும் சுத்தமான லுவோ.

அவினோ எழுந்து முன்னால் போனாள். பலகையைக் கழற்றி, முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கைகளாலும் மரியாதையாக அவரிடம் நீட்டினாள்.

"இம்பாசிபிள், இர்ரெகுலர், டிஸ்ஹானஸ்ட்" என்று கடகடவென ஒப்பித்தாள். "நேற்றே மனப்பாடம், சார். வாளி கிணற்றடியில் இருக்கிறது."