மணிக்குள் ஏழாவது துண்டு

அடுத்த வீட்டுத் தர்ஷிகா, கூடப் படிக்கிற நிலுக்சனுடைய சைக்கிள் மணியின் மூடியைக் கழற்றி, உள்ளே பெயர் போடாத காதல் துண்டுக் கடதாசி வைத்துவிடுவாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. கடதாசி இருந்தால் மணி கிணுங்காது, 'டொக்' என்னும். பள்ளிக்கூடம் விட்டு அவன் எங்கள் வளைவில் மணியடிக்கும்போது நானே பிடித்துவிட்டேன். ஒரு மாதத்தில் ஆறு துண்டு. படிப்பில் அந்த அக்கறை இருந்திருந்தால் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்திருப்பாள்.

புதன்கிழமை மத்தியானம் ஏழாவது 'டொக்' கேட்டது.

"என்னகா, இன்னும் எழுதி முடியல்லையா?" என்று சீண்டினேன்.

அவள் முகம் வெளிறிப் போனது. "மாமி, நான் ஆறுதான் எழுதினன்."

மறுநாள் காலை எங்கள் வாசல் படலையடியில் அவனை மறித்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். நான் விளக்குமாறோடு நின்றேன். அந்த இடத்தைத்தான் அப்போது கூட்ட வேண்டியிருந்தது.

"ஏழாவது என்ட இல்ல, நிலுக்சன்."

அவன் சட்டைப்பையிலிருந்து அந்த ஏழாவது துண்டை எடுத்துக் காட்டிச் சிரித்தான். "உன்ட எழுத்துத்தானே. நேத்துப் பின்னேரம் வாவிக்கு வரச் சொன்னாய், வந்தன். இடுப்பளவு தண்ணியில நிண்டு கதைச்சாய். கரைக்கு வரவேயில்ல."

நேற்றுப் பின்னேரம் முழுக்க அவள் என் குசினியில் இருந்து தேங்காய் துருவினாள்.

"இனி அங்க போகாத." சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே இண்டைக்கு என்னையும் தண்ணிக்குள்ள இறங்கச் சொன்னாய்" என்று அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு, போகிற சந்தோசத்தில் மணியை அடித்தான்.

டொக்.