முதல் படத்தில் ஓர் ஆள்

மறைந்த அம்மா படம்பிடித்த வெள்ளம், ஊர்வலம், வேலைநிறுத்தம் எல்லாம் சேர்ந்து நாற்பது பெட்டி. அடுக்கினால் நிலாவுக்கே ஏறிப் போகலாம். பெட்டிகளை எடுத்துப்போய்ப் பாதுகாக்க, ஆவணக் காப்பகத்தின் வேன் நாளைக் காலை வருகிறது.

"யாருடி இவன்?" என்று, ஃபிலிம்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்த கம்ப்யூட்டர் திரையைக் காட்டினான் அண்ணன். "ஒவ்வொரு ஃபிலிம் ரோல்லயும் முதல் படம் இவன்தான். குருவி கூடு கட்டுற அளவுக்கு முடி, இளிப்பு வேற!"

"அம்மா போன இடமெல்லாம் போயிருக்கான்ணா," என்றாள் தங்கை.

"காப்பகத்துல பார்த்தா அம்மா பேரு என்னாகும்? ஃபிலிம்லேர்ந்தே வெட்டிடலாம். கத்தரிக்கோலை எடு."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாமதான் வெட்டணும்."

அப்போது அப்பாவே டீயோடு உள்ளே வந்தார். அண்ணன் திரையை மறைத்துக்கொண்டு நின்றான். மலையே குறுக்கே நின்றாலும் அப்பா எட்டிப் பார்ப்பார்.

"அடடே, நான்!" என்றார். "ரோல் மாத்தினதும் வெளிச்சம் சரியான்னு பார்க்க, கேமரா பெட்டி தூக்கிட்டுப் போன என்னைத்தான் முதல்ல நிக்க வெப்பா உங்கம்மா."

ஊரையே படம் எடுத்த அம்மா, வீட்டில் ஒரு கல்யாணப் படம்கூட மாட்டியதில்லை. அப்பா வழுக்கையோடுதான் பிறந்தார் என்று பிள்ளைகள் நம்பியிருந்தார்கள்.

"இவ்வளவு முடி எங்கப்பா போச்சு?" என்றாள் தங்கை, கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி.

"முப்பது வயசு வந்துச்சு, சொல்லாம கொள்ளாம மொத்தமும் போயிடுச்சும்மா."

இருபத்தொன்பது வயது அண்ணன், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான்.