கிட்டோவின் மூன்று வார்த்தை

ரக்பி சீசனுக்கு முன் வீரர்களுக்கு ஞாபகத் தேர்வு உண்டு. ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி அதே தேர்வு. மதிப்பெண் இறங்கினால் வெளியே உட்கார வேண்டியதுதான். அதனால் சில கில்லாடிகள் முதல் தடவையே வேண்டுமென்று குறைத்து எடுத்துவிடுவார்கள்.

பெங்கெல்லிக்கு இதெல்லாம் அத்துபடி. இங்கிலாந்து அணிக்குக் கேப்டனாக ஆடியவர், இப்போது கிளப் நிர்வாகி. தேர்வு எழுதிய கிளப் வீரன் கிட்டோவை அறைக்குக் கூப்பிட்டார்.

"பத்து வார்த்தை படிச்சாங்க. நீ திருப்பிச் சொன்னது மூணு. யார் காதுலடா பூ சுத்துற?"

கிட்டோ இளித்தான். "கண்டுபிடிச்சிட்டீங்களா கேப்டன்?"

"நானும் மைதானத்துல தலையைக் கொடுத்தவன்தான்டா. ஏமாத்தினா ரெண்டு மாசம் தடை. போனாப் போகுது, இப்ப ஒழுங்காச் சொல்லிட்டுப் போ."

இளிப்பு மறைந்தது. "வேணாம் கேப்டன். தடையே போடுங்க."

"பைத்தியமா உனக்கு? ஒரு நிமிஷ வேலை!"

பெங்கெல்லி பத்து வார்த்தைகளையும் நிதானமாகப் படித்தார். "ம், சொல்லு."

கிட்டோ கண்ணை இறுக மூடினான். நெற்றி வியர்த்தது.

"மெழுகுவர்த்தி..." என்றான். உதடுகள் அசைந்தன, வேறொன்றும் வரவில்லை.

பெங்கெல்லி தாளைக் கீழே வைத்தார்.

"ஏமாத்தினேன்னே எழுதிடுங்க கேப்டன்," என்றான் கிட்டோ. "அப்படின்னா ரெண்டு மாசத்துல திரும்பி வந்துடலாமில்ல?"