வாயாடியின் பரீட்சை

"என் குணமே அப்படித்தாங்க மேடம். வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு நினைச்சுத்தான் உள்ளே வரேன், முடியலை" என்று பயிற்சி மையத்தின் தலைவியிடம் சொன்னாள் வாயாடி. அது வீட்டில் வைத்த பட்டப்பெயர். பயிற்சிக்கு வந்த இடத்திலும் ஒட்டிக்கொண்டது.

பேச்சு வராத குழந்தைகளுக்குச் சிறுகச் சிறுகப் பழக்கிச் சொல்லித்தரும் மையம் அது. நடத்தைப் பயிற்சியாளர் ஆக வேண்டுமானால், ஒரு குழந்தையோடு உட்கார்ந்து செய்துகாட்டித் தேற வேண்டும். வாயாடி ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். மூன்றாவது முறையும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்கா மகனை எப்படியாவது பேசவைக்க வேண்டும் என்று, பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு வந்திருந்தாள்.

மையத்தின் தலைவியே இன்று நேரில் வந்து உட்காரப் போகிறார் என்று அவளுக்குப் பயிற்சி தரும் டீச்சர் சொன்னதுமே, பரீட்சை இன்றைக்குத்தான் என்று பயந்துபோனாள். பயந்தபடியே சொதப்பியும் ஆயிற்று. "சிவப்பு" என்று ஒற்றை வார்த்தை சொல்லி விளையாட்டுக் கட்டையை வாங்க வேண்டிய இடத்தில், "என் தங்கமே, நேத்து சமத்தா எடுத்தியே, அந்தச் சிவப்புக் கட்டையை அத்தை கையில குடு பாக்கலாம்" என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டாள். குழந்தை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டது.

ஓரத்து நாற்காலியில் டீச்சர் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். எனக்காக என்னமாய்த் தவிக்கிறார் என்று வாயாடிக்கு மனசு இளகியது.

"குணம்னீங்களே, அதைக் கண்ணால பாத்திருக்கீங்களா?" என்றார் தலைவி.

"அதை எப்படி மேடம் பாக்கறது?"

"நிறையப் பேசறீங்க, அதனால வாயாடி. ஏன் பேசறீங்க? வாயாடி, அதனால. சுத்திச் சுத்தி அங்கேயே நிக்கிறோம் பாருங்க. கண்ணுக்குத் தெரியறதை மட்டும் சொல்லுங்க. பயிற்சியில நீங்க நீட்டி முழக்கினா, அடுத்தாப்ல என்ன நடக்கும்?"

"டீச்சர் ஓடி வருவாங்க. பக்கத்துல உக்காந்து, தோள்ல கை போட்டு, பொறுமையா எடுத்துச் சொல்வாங்க."

"சரியா, சுருக்கமாப் பேசினா?"

வாயாடி டீச்சரைப் பார்த்தாள். சொன்னால் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே! டீச்சரோ, சொல்லு என்பதுபோல் தலையசைத்தார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அடுத்தவங்களைப் பாக்கப் போயிருவாங்க."

"எதைச் செஞ்சப்போ கவனிப்பு கிடைச்சுதோ, அதுதானே வளரும்? குழந்தைக்குச் சொல்றதுதான் நமக்கும். உங்க மேல தப்பே இல்லம்மா."

வாயாடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தியவர்கள், நாலு பேர் முன்னால் தொடையில் கிள்ளியவர்கள், எல்லாருக்கும் அது அவளுடைய பிறவிக்குணம். இல்லை என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். இந்த ஒரு வார்த்தைக்காகவே இங்கே வந்தது தகும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி மேடம். இதை நான் மறக்கவே மாட்டேன். டீச்சரை மட்டும் ஒண்ணும் சொல்லிராதீங்க, அவங்க நல்லவங்க. மூணாவது தடவையும் ஃபெயில்னு எனக்குப் புரியுது. நான் கிளம்பறேன்."

"எங்கே கிளம்பறீங்க? உங்க பரீட்சை அடுத்த மாசம்தானே!" என்ற தலைவி, ஓரத்து நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"ஒரு பொண்ணு ரெண்டு தடவை தேறலைன்னா சொல்லிக்கொடுத்ததுலதான் கோளாறு, என்னைச் சோதிச்சுப் பாருங்கன்னு நீங்களேதான் வந்து கேட்டீங்க. இன்னைக்கு நீங்க ஃபெயில், டீச்சர்!"