மிஞ்சிய பை

"வீட்டுல மூணு பேர் இருக்கும்போது ரெண்டு சீட்டு கார் வாங்கின மனுஷன். அவர்கிட்ட போய் சாமான் ஏத்தச் சொல்றியே, உனக்கு வேற வண்டியே கிடைக்கலையா?"

வாசலில் நின்றபடி அம்மா மகளிடம் சொன்னாள். சற்றுத் தள்ளி நின்ற அப்பாவுக்கும் அது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

பிரிந்து பல வருஷம் ஆகியும் இருவருக்கும் பேச்சு இப்படித்தான், மகள் வழியாக.

அப்பா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவர். நாளெல்லாம் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கும் பிழைப்பு. தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுதான். அந்த வீட்டில் வெடித்த கடைசிச் சண்டையும் அதை வைத்துத்தான்.

மகளுக்குத் தூரத்து ஊர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. கொண்டுபோய் விட முடியுமா, சாமானுக்கு இடம் இருக்குமா என்று அவள்தான் கேட்டாள்.

"இடம்தானே? நான் பண்றேன் பாரு" என்றார்.

பண்ணியும் இருந்தார். டிக்கியிலிருந்த ஸ்டெப்னி டயரைக் கழற்றித் தன் வீட்டிலேயே வைத்துவிட்டார். பஞ்சர் ஒட்டும் சாமானை சீட்டுக்கு அடியில் செருகினார். டிக்கி மூடியின் மேல் சின்னதாக ஒரு கேரியர். துணிக்கூரையை மடித்தால் டிக்கியில் பாதியை அது விழுங்கிவிடும் என்று மடிக்காமலே பூட்டியிருந்தார்.

"காத்து முகத்துல அடிக்கணும்னுதானேப்பா இந்தக் காரையே வாங்கினீங்க?"

"காத்து எங்கே ஓடிடப் போகுது? பெட்டியா கொடுக்காதே கண்ணு, பையில மாத்திக் கொடு. பைன்னா நசுங்கி உட்காரும்."

அவள் பை பையாகக் கொண்டுவந்தாள். சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம், காலடியில் கொஞ்சம். ஒவ்வொன்றையும் அழுத்தி, திருப்பி, சொருகி நிமிர்ந்தால் அவள் இன்னொன்றோடு நிற்பாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி குனிவார்.

"போதும்டி, அவர் முதுகு போயிடும்" என்றாள் அம்மா. அப்புறம், யார் சொல்லித் தந்த அக்கறையோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

பெரிய நீலப் பை. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தாள்.

"கொடு இப்படி."

"தொடாதீங்கப்பா. உள்ளே எல்லாம் கண்ணாடி சாமான். அழுத்தவும் கூடாது."

எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு மறுபடி அடுக்கினார். இடம் வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"மடியில வச்சுக்கிறியா?"

"மடிக்குத்தான் என் தோள்பை இருக்கே."

அவர் முகம் விழுந்துவிட்டது. "கடைசியில கோட்டை விட்டுட்டேனே."

"பெத்த பொண்ணோட பைக்கே இடமில்லாத கார்! இதுக்குத்தான் அன்னிக்கு அவ்வளவு பிடிவாதம்" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

"விடும்மா. அடுத்த மாசம் லீவு நாளா பார்த்து நீங்களே கொண்டுவந்து கொடுங்கப்பா."

"நானா? பார்சல்ல போட்டா..."

"உடைஞ்சிடும்."

"ஆமாமா, உடைஞ்சிடும். சரி, அப்போ நானே வர்றேன்."

கார் தெருமுனை திரும்பியதும் அம்மா பையை உள்ளே கொண்டுபோகக் குனிந்தாள். கனமாக இருக்கும் என்று பலம் கொடுத்துத் தூக்கியதில் தடுமாறிப் போனாள்.

திறந்தாள். கசக்கிச் சுருட்டிய பழைய பேப்பர். நடுவில் ஒரு தலையணை.

உடனே போன் செய்தாள். "ஏண்டி, முதுகு வலியோட அந்த மனுஷன் குனிஞ்சு குனிஞ்சு எழுந்தாரே, அது உனக்கு விளையாட்டா?"

"கத்தாதேம்மா. அப்பா பெட்ரோல் போட இறங்கியிருக்கார்." மகள் குரலைத் தாழ்த்தினாள். "இத்தனை வருஷத்துல அவர் ஒரு தடவையாவது சும்மா வந்து பார்த்திருக்கியா? எனக்குக் காய்ச்சல், ஸ்கூல்ல மீட்டிங், சைக்கிள் ரிப்பேர்னு ஏதாவது ஒண்ணு வேணும். அதை முடிச்சதும் கிளம்பிடுவார். நான் அங்கே போயிட்டா அவருக்கு ஏதும்மா காரணம்? 'உன்னைப் பார்க்கணும்போல இருந்துச்சு, வந்தேன்'னு சொல்ல அவருக்கு வாய் வராதும்மா."

அம்மா பைக்குள் கிடந்த தலையணையைப் பார்த்தாள்.

"வர்றார். வச்சிடறேன். அவர்கிட்ட சொல்லிடாதே."

போனைப் பிடித்தபடி அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காரணம் இல்லாம இந்த வாசல்ல வந்து நிக்காதீங்க." பிரிந்த புதிதில், கோபத்தில், அவள்தான் சொன்னாள். சொன்னதையே மறந்திருந்தாள். அவர் மறக்கவில்லை. ஒரு தடவைகூட மீறவும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை அலமாரியிலிருந்து கண்ணாடி டம்ளர்களை எடுத்து, அந்தப் பேப்பரிலேயே ஒவ்வொன்றாகச் சுற்றிப் பைக்குள் அடுக்கினாள்.

தூக்கிப் பார்த்தாள்.

அவ்வளவு தூரம் ஒரு மனுஷன் வருவதற்கு இந்தக் கனம் போதாது என்று, கீழே வைத்துவிட்டு மறுபடி அலமாரியைத் திறந்தாள்.